அவருக்கு அடிக்காத மணி

பள்ளிக்கூடத்தில் நினைவு மலர் போடுகிறார்களாம். காலமான முன்னாள் மாணவர்களைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம். என் வீட்டுக்காரரைப் பற்றி நான்தான் எழுதித் தர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். தலைப்பையும் அவர்களே வைத்துவிட்டார்கள்: முன்னாள் மாணவரும் அவர் குடும்பத்தின் சேவையும். எழுதிக் கொடுத்துவிட்டேன். அமைதியானவர், பக்தியானவர், கடமை தவறாதவர் என்றெல்லாம் அதில் இருக்கிறது. பொய் ஒன்றும் இல்லை. ஆனால் எழுதி முடித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பக்கத்தில் எழுதாததை இங்கே எழுதுகிறேன்.

செஞ்சியில் எங்கள் மாதா கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் மதிலை ஒட்டி ஒரு சின்ன ஓட்டு வீடு. அது கோயில்பிள்ளை வீடு. கோயிலைத் திறப்பது, பூட்டுவது, பூசைக்குப் பீடத்தை ஒழுங்கு பண்ணுவது, கல்யாணத்துக்குக் கம்பளம் விரிப்பது, சாவுக்குக் கறுப்புத் துணி எடுத்து வைப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக மணி அடிப்பது, இதெல்லாம் கோயில்பிள்ளையின் வேலை. என் மாமனாருடைய அப்பா செய்தார், மாமனார் செய்தார், அப்புறம் இவர். வேலை இருக்கிற வரைக்கும் வீடு. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். இதை யாரும் எங்களிடம் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும்.

நான் அவலூர்பேட்டைப் பெண். கல்யாணத்தன்று பந்தியில் எனக்குப் பக்கத்து இலை காலியாக இருந்தது. மாப்பிள்ளை எங்கே என்று என் அண்ணன் தேடினான். கோயில் மணி அடித்தது. பட்டு வேட்டியோடு கயிற்றை இழுத்துவிட்டு வேர்க்க வேர்க்க வந்து உட்கார்ந்தார். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன். இனிமேல் என் சாப்பாடு இப்படித்தான் இருக்கப்போகிறது என்று அப்போது புரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டேன்.

காலை, நண்பகல், அந்தி என்று நாளுக்கு மூன்று வேளை மணி. மூன்று மூன்றாக அடித்து, கொஞ்சம் இடைவெளி விட்டு, கடைசியில் நிறுத்தாமல் அடித்து முடிக்க வேண்டும். அதைக் கேட்டால் எங்கள் ஜனங்கள் நின்ற இடத்தில் சிலுவை போட்டுக்கொண்டு மறுபடி வேலையைப் பார்ப்பார்கள். மற்றவர்களுக்கு அது கடிகாரம். கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிற பாய் பன்னிரண்டு மணி அடித்தால்தான் மத்தியானப் பாலை அடுப்பில் ஏற்றுவார். துக்க மணி வேறு. ஒரே ஒரு அடி. அதன் ஓசை முழுக்க அடங்கிய பிறகு இன்னொரு அடி. அதைக் கேட்டால் எந்தச் சாதியாக இருந்தாலும் எந்த மதமாக இருந்தாலும் வாசலுக்கு வந்து "யாரு?" என்று கேட்பார்கள். ஊரில் யாருக்கு என்ன நடந்தாலும் முதலில் கயிற்றைத் தேடி ஓட வேண்டியவர் என் வீட்டுக்காரர்.

அதனால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எங்கும் போனது இல்லை. என் அண்ணன் கல்யாணத்துக்கு அவர் தாலி கட்டுவதைப் பார்த்துவிட்டு வந்தார், நான் அதற்கப்புறம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு எங்கள் பங்கு ஜனங்கள், இந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள் எல்லாரும், வேன் பிடித்துப் போவார்கள். கோயில் சாவி வைத்திருக்கிற வீட்டுக்கு மட்டும் வேனில் இடம் கிடையாது. பின்வாசலைத் திறந்தால் ராஜகிரி மலை. எங்கெங்கிருந்தோ வந்து கோட்டையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அங்கே அந்தக் காலத்தில் கைதிகளைத் தள்ளிவிட்ட கிணறு ஒன்று உண்டு என்று கைடுகள் காட்டுவார்கள். "நமக்கு அந்தக் கெணறே தேவல. அங்க மணி அடிக்க வேணாம் பாரு" என்று நான் சொன்னால் அவர் சிரிப்பார். கோபமே வராது அவருக்கு. கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

ஒரே ஒரு தடவை மலை ஏறப் புறப்பட்டோம். மகன் அப்போது என் வயிற்றில் இல்லை, நான் இளசாக இருந்தேன். காலை மணி அடித்த கையோடு கிளம்பினோம். புளிசாதம் கட்டி எடுத்துக்கொண்டேன். பாதி மலை ஏறியிருப்போம். அவர் நின்று வெயிலைப் பார்த்தார்.

"இதுக்கு மேல போனா பன்னண்டு மணிக்குள்ள எறங்க முடியாது" என்றார்.

"ஒரு நாள் லேட்டா அடிச்சா இன்னா ஆய்டும்?"

"ஒண்ணும் ஆவாது. ஆனா அடிக்கணும் இல்ல?"

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். வரமாட்டேன் என்றேன். அவர் கெஞ்சவில்லை, அதட்டவில்லை. பத்திரமாக இறங்கி வா என்று சொல்லிவிட்டுத் தனியாக இறங்கிப் போனார். நான் புளிசாதத்தைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தேன். குரங்குகள் வேறு சுற்றிச் சுற்றி வந்தன. கீழேயிருந்து மணி கேட்டது, மூன்று மூன்றாக, ஒரு அடி தப்பாமல். கல்யாணமாகி அன்றைக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன். சாதத்தைக் குரங்குகளுக்குப் போட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

அவர் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்தவர், கணக்கில் கெட்டிக்காரர். பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது. புறப்படுகிற நேரத்தில் மாமனார் மணிக்கூண்டு ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். "நீ கொஞ்ச நாள் பாத்துக்கோடா" என்று மாமனார் சொன்னார், அப்போதிருந்த பங்குச் சாமியாரும் சொன்னார். இவர் தலையாட்டினார். எங்கள் வீட்டு ஆண்களுக்குத் தலையாட்டத்தான் தெரியும். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை.

மாமனார் இறந்தபோது நான் இந்த வீட்டுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. கண்ணை மூடிவிட்ட உடனே இவர் எழுந்து கயிற்றுக்குப் போய்விட்டார். சொந்தக்காரர்கள் வந்து கதறும்போது பிள்ளை எங்கே, பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். மணி அடிக்கிறான் என்று பதில் சொன்னோம். மாமியாருக்கும் அப்படித்தான். இரண்டு சாவிலும் அவர் முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீரை நான் பார்க்கவில்லை. ஒரு நாள் கேட்டேவிட்டேன். "அழுதா அடி தப்பிடும்" என்றார். அதோடு பேச்சை முடித்துக்கொண்டார்.

இப்போது அவருடைய சாவுக்கு வருகிறேன்.

போன மாதம். மகன் சர்ட்டிபிகேட் வாங்க விழுப்புரம் போயிருந்தான். டிப்ளமோ முடித்தவன், சென்னைப் பக்கம் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்திருந்தது. அதைப் பற்றி என்னிடமும் அவன் நைனாவிடமும் மட்டும் சொல்லியிருந்தான். "போய்ட்டு வாடா" என்று அவர் சொன்னபோது எனக்கே ஆச்சரியம். சாமியார் கிளைக்கிராமத்துப் பூசைக்குப் போயிருந்தார். பள்ளிக்கூடம் லீவு. இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன், பாதி குடித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஆவப்போது" என்றார். அப்படியே சாய்ந்தார். கூப்பிட்டேன், உலுக்கினேன், மூக்கில் கைவைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

போன் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. யாருக்காவது பண்ண வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் சாவு என்றால் கை தானாகக் கயிற்றுக்குத்தான் போகும். ஓடினேன். கயிற்றைப் பிடித்து இழுத்தேன். அவருக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் அவருக்குப் பதிலாக நான்தான் மூவேளை மணி அடிப்பேன். துக்க மணி நான் அடித்ததே கிடையாது. என் கைக்குத் தெரிந்தது மூவேளை மணி ஒன்றுதான். மூன்று, மூன்று, மூன்று என்று அடித்து, கடைசியில் நிறுத்தாமல் அடித்தும் முடித்துவிட்டேன். மணியும் சரியாகப் பன்னிரண்டு.

திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜனங்கள் வருவார்கள் என்று காத்திருந்தேன். ஒருத்தரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? சிலுவை போட்டுக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். பாய் பாலை அடுப்பில் ஏற்றியிருப்பார். ஊர் முழுக்க மணியைக் கேட்டும், அவரும் நானும் அந்த அறையில் தனியாக இருந்தோம். நான் என்ன அடித்தேன் என்பதே எனக்கு உறைக்கவில்லை. இத்தனை பேர் சாவுக்கு ஊரைக் கூப்பிட்டவர், அவருக்கு ஒரு ஆள் வரவில்லையே என்று ஊர்மேல்தான் ஆத்திரமாக இருந்தது.

கடைசியில் வந்தவர் பாய். நண்பகல் மணி அடித்த பிறகு இவர் அங்கே போய் ஒரு டீ குடிப்பது வழக்கம். வாசலில் நின்று, "மணி அடிச்சாரே, டீக்கு வரலயேம்மா, ஒடம்பு எதுனா சரியில்லையா?" என்று குரல் கொடுத்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு போன், வாட்ஸாப் என்று செய்தி பறந்தது. நல்ல கூட்டம். மகன் பெட்டிக்கும் குழிக்கும் அலைந்துகொண்டிருந்தான். அடக்கத்துக்கு எடுத்துப் போகும்போது பங்குப் பையன் ஒருவன் செல்போனில் இருந்த மணி ஓசையை மைக்கில் வைத்தான். அன்றைக்கு யாருக்கும் மணி அடிக்க ஆள் தேவைப்படவில்லை. எங்கள் கோயில் மணி அவருக்காக ஒரு அடிகூட அடிக்கவில்லை.

அடக்கம் முடிந்த அன்று அந்தியிலேயே மகன் கயிற்றைப் பிடித்துவிட்டான். யாரும் சொல்லவில்லை. வேறு யார் அடிப்பார்கள்? கம்பெனியில் நாள் தள்ளிக் கேட்டான், கொடுத்தார்கள். இன்னொரு தடவை தள்ள முடியாது, வருகிற திங்கட்கிழமை வரவில்லை என்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். "போவியா?" என்று கேட்டேன். "நீ எங்கம்மா இருப்ப?" என்றான். மூன்று வேளையும் அவன் கயிறு இழுப்பதைப் பின்னாலிருந்து பார்ப்பேன். முதுகு அப்படியே அவன் நைனா. எனக்குச் சோறு இறங்கவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் பள்ளிக்கூட ஹாலில் பழைய மாணவர்கள் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். கம்பெனி கெடு வைத்த திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிறு அது. என்னை மேடையில் உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் புழுக்கத்தில் அது கழுத்தை அரித்தது. எழுந்து போகவும் முடியாது, எடுத்துப் போடவும் முடியாது. ஒருவர் மாற்றி ஒருவர் சேவை, சேவை என்று பேசினார்கள். படத்தில் அவர் எப்போதும்போல் சிரித்துக்கொண்டிருந்தார்.

இவரோடு பத்தாவது படித்த தொண்டூர்க்காரர் ஒருவர் பேச வந்தார். சமணக் குடும்பம், இன்றைக்கும் விவசாயம்தான். வருஷா வருஷம் எங்களுக்கு மல்லாட்டை, வேர்க்கடலைதான், கொண்டுவந்து தருவார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார்.

"நாங்க பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டோம். பத்தாவதுல சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடியவே லேட்டாய்டும். கோயில் படியில உக்காந்து டிபன் பாக்ஸைத் தொறப்பேன். அவன் நைனாவுக்குப் பதிலா அந்தி மணிய அவன்தான் அடிப்பான், கயித்தப் புடிச்சினு நிப்பான். நான் தின்னு முடிச்சு கை கழுவற வரைக்கும் அடிக்க மாட்டான். மணி அடிக்கலன்னா இன்னும் ராத்திரி ஆவலடா, நீ மெதுவா சாப்பிடுன்னுவான். அதுக்கு அவன் நைனாகிட்ட அடி வாங்கியிருக்கான்."

எல்லாரும் சிரித்தார்கள். இந்தக் கதையை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. ஒரு சிநேகிதன் நாலு வாய் சாப்பிட அந்த மணி பிந்தியிருக்கிறது. எனக்காக ஒரு நாளும் பிந்தவில்லை. இப்படி ஒரு ஆள் அவருக்குள் இருந்தார், நான் வருவதற்கு முன்னாலேயே கயிறு அந்த ஆளைத் தின்றுவிட்டது. அவர்மேல் இத்தனை வருஷமாக வைத்திருந்த கோபம் அந்த நாற்காலியிலேயே போய்விட்டது. அவர் பாவம் என்று இருந்தது. கட்டிப்பிடித்து அழ ஆளில்லை.

கடைசியில் பங்குச் சாமியார் எழுந்தார். என்னைவிட வயதில் சின்னவர், நல்ல மனுஷர். "இந்தக் குடும்பத்தின் சேவை நின்றுவிடாது. நான்காவது தலைமுறையும் தயாராக இருக்கிறது. தம்பி கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளட்டும்" என்றார். ஹாலே கைதட்டியது. கீழே முதல் வரிசையில் இருந்த மகனைப் பார்த்தேன். அவன் தலை ஆடத் தொடங்கிவிட்டது.

நான் எழுந்து நின்றேன். மைக் என் கைக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"எம்புள்ள நாளைக்கு ஒரகடம் போறான். அவனுக்கு அங்க வேலை இருக்குது. மணி அடிக்க வரமாட்டான்."

கைதட்டல் பாதியில் நின்றது. சாமியார் மெதுவாக என் பக்கம் குனிந்து, "அம்மா, வீடு உங்களுக்கே இருக்கட்டும்னுதான் நான் சொன்னேன்" என்றார். அவர் மனசார, நல்லதுக்குத்தான் சொன்னார். அந்த அன்புதான் மதிலைவிட உயரமாக இருந்தது.

"வீடு வேணாம் சாமி" என்று சொல்லி, இடுப்பில் செருகியிருந்த கோயில் சாவிக்கொத்தை எடுத்து அவர் முன்னால் மேசைமேல் வைத்தேன். எங்கே போய் இருக்கப்போகிறேன் என்று அந்த நிமிஷம்கூட எனக்குத் தெரியாது.

ஹால் கடிகாரத்தில் பன்னிரண்டு ஆனது. எல்லார் கண்ணும் அதற்குப் போய் மகனுக்கு வந்தது. அவன் கால் தானாக எழுந்தது. நான் அவனைப் பார்த்தேன். உட்கார்ந்துவிட்டான். முள் நகர்ந்தது. மணி அடிக்கவில்லை. நான் அறிந்து அந்த மணி பிந்தியது அன்றைக்குத்தான். எதிர்க்கடையில் பாய் பாத்திரத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். வேறு எதுவும் ஆகவில்லை.

பொன்னாடையை நாற்காலியில் போட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கினேன். யாரும் தடுக்கவில்லை. மணிக்கூண்டுக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தேன். ஒரு அடி அடித்தேன். கை அடுத்த அடிக்குப் போகப் பார்த்தது, இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஓசை முழுக்க அடங்கட்டும் என்று நின்றேன். அப்புறம் இன்னொரு அடி.

ஹாலில் இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். கேட்டுக்கு வெளியே தெருக்காரர்கள் கூடினார்கள். பாய் தோளில் துண்டோடு ஓடிவந்தார்.

"யாரும்மா?"

"எங்க வூட்டுக்காரரு" என்றேன்.

பாய் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். தொண்டூர்க்காரரும் அவர் பக்கத்தில் போய் நின்றார்.

மகன் என் அருகே வந்து கையை நீட்டினான். "குடும்மா. நான் அடிக்கறேன்."

"சாவு வூட்டுப் புள்ள மணி அடிக்க மாட்டான்டா. போய் ஜனங்களோட நில்லு."

அவன் தயங்கினான். அப்புறம் போய்க் கூட்டத்தில் நின்றான். நான் அடுத்த அடி அடித்தேன். பாய் அவன் தோளில் கைபோட்டார். அடக்கத்தன்றைக்கும் அழாத என் பிள்ளை அவர்மேல் சாய்ந்துகொண்டு அழுதான்.